பத்து மணி மிஸ்

அந்தப் பேப்பர் கட்டை மடியில வெச்சுக்கங்க, நான் என் மூட்டையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கறேன். கனமெல்லாம் இல்லீங்க, புடவைதான். கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் துணி அடிச்சு சவுகார்பேட்டையில ஒரு கடைக்குக் குடுக்கறேன். வெயிட்டு கம்மி, இடம்தான் அடைச்சுக்கும். நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. பேசின் பிரிட்ஜ் தாண்டற வரைக்கும் இந்த பஸ் இப்படித்தான் நிக்கும்.

விடைத்தாள்தானே அது? சிவப்புப் பேனாவைப் பார்த்ததுமே நினைச்சேன். டீச்சரா நீங்க? நல்லதாப் போச்சு. ஒரு டீச்சர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன். நான் அதிகம் பேசறவ இல்லீங்க. எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, பிலோமினா உண்டு, அவ தையல் மிஷின் உண்டுன்னுதான் சொல்வாங்க. ஆனா எல்லாத்தையும் வயித்துக்குள்ளயே வெச்சுக்கிட்டா புண்ணாயிடும், இல்லீங்களா.

கேள்வி இதுதான். ஒரு டீச்சர், பெத்தவகிட்டேருந்து பொண்ணை வாங்கிக்கலாமா?

இருங்க, உடனே பதில் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பொண்ணு பேரு ஜோவிட்டா. ஒரே பொண்ணு. எங்க ஏரியா கவர்மென்ட் ஸ்கூல்ல பத்தாவது படிக்கிறா. சின்ன வயசுல வாய் ஓயாது அவளுக்கு. காக்கா ஏன் கறுப்பு, அப்பா லாரிக்கு ஏன் பத்து சக்கரம், இப்படி நச்சு நச்சுன்னு. "கொஞ்ச நேரம் வாயை மூடுறியாடி"ன்னு நானே கெஞ்சுவேன். எட்டாவது வந்ததும் அதெல்லாம் குறைஞ்சு போச்சு. ஒன்பதாவதுல மொத்தமே மூணு வார்த்தைதான். "ம்", "சரி", "தெரியல". சாப்பிட்டியா? ம். பரீட்சை எப்படி எழுதினே? தெரியல. வயசுப் பொண்ணுங்க அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து வீட்டு ரஞ்சிதம் சொன்னா. அவ பொண்ணு ஷைனியும் என் பொண்ணும் ஒரே கிளாஸ். அது மட்டும் ஊர்க்கதை பூரா பேசுது. அதை நான் ரஞ்சிதத்துகிட்ட கேக்கல. எதுக்கு வம்பு.

இருந்தாலும் காலையில கொஞ்ச நேரம் அவ எனக்குத்தான். தலை பின்னணுமே. இடுப்பு வரைக்கும் முடிங்க அவளுக்கு. நான் கட்டில்ல உட்காருவேன், அவ கீழ உட்கார்ந்து முதுகை என் முழங்கால்ல சாய்ச்சுக்குவா. எண்ணெய் வெச்சு, சிக்கெடுத்து, ரெண்டா வகிர்ந்து, மடிச்சுக் கட்டுவேன். அப்போதான் அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்வேன். எந்தத் தெரு வழியாப் போகக் கூடாது, எந்தப் பையன் வந்து பேசினா நிக்கக் கூடாது, ஷைனி எவ்வளவு மார்க்கு வாங்கினா, நீ ஏன் வாங்கல, எல்லாம். அவ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. அம்மாவும் பொண்ணும் மனசு விட்டுப் பேசறதுன்னா அதுதாங்க. அந்த நேரத்தை நினைச்சாலே எனக்கு நாள் பூரா மிஷின் தானா ஓடும்.

ஜூன் மாசம் ஸ்கூல் தெறந்ததும் சோஷியல் சயின்ஸுக்கு ஒரு மிஸ் வந்தா. மதிவதனின்னு பேரு. இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். புடவை கட்டறா, சரி. புடவைக்குக் கீழ என்ன போடறா தெரியுமா? வெள்ளை ஷூ. பையனுங்க போடுவானுங்களே, தடிமனா, அந்த ஷூ. முடி கழுத்தோட சரி. நான் ஒண்ணும் சொல்லல. அவ கால், அவ முடி.

மிஸ் வந்த முதல் நாள் என் பொண்ணு பையைக்கூட இறக்காம ஓடி வந்து, "அம்மா, இன்னிக்குப் புது மிஸ் வந்து என்ன பண்ணாங்க தெரியுமா"ன்னா. "முதல்ல கை கால் கழுவு, யூனிஃபார்மை மாத்து, தட்டை எடு"ன்னேன். ஒழுக்கமா வளர்க்கணுமில்ல? கழுவினா, மாத்தினா, எடுத்தா. சோத்தைப் போட்டுட்டு, "என்னமோ சொல்ல வந்தியே"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டா. அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு பார்த்தீங்களா. அந்த மிஸ்கிட்டன்னா எல்லாம் இருக்கு. என்கிட்ட ஒண்ணுமில்ல.

ஷைனிதான் எனக்குக் கதையைச் சொன்னா. அந்த மிஸ் பாடம் நடத்தறதே இல்லையாம். பாட வைக்கிறாளாம். சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டுன்னு நினைச்சுக்காதீங்க. ராப்பாம். ஹிப் ஹாப்பாம். கையை இப்படி இப்படி வெட்டிக்கிட்டு, மூச்சு விடாம, யாரோ துரத்தற மாதிரி பேசறது. அதுக்குப் பேரு பாட்டு. அமெரிக்காவுல கஷ்டப்பட்ட ஜனங்க அவங்க தெருக்கதையைச் சொல்றதுக்குக் கண்டுபிடிச்சதுன்னு மிஸ் சொன்னாளாம். இங்க எங்களுக்கு இருக்கிற கஷ்டம் போதாதா, அங்கேருந்து வேற வரணுமா.

பாடத்தைப் படிச்சிட்டு நாலு வரி கட்டிட்டு வரணுமாம். கரிசல் மண்ணு, வண்டல் மண்ணு, செம்மண்ணு எல்லாத்தையும் தாளத்துல. கடைசி பெஞ்சுல ராபின்னு ஒருத்தன், காலையில அட்டெண்டன்ஸ் குடுத்துட்டு மதியம் சுவரேறிக் குதிக்கிறவன், அவன் இப்போ நாலு மணிக்கு மேலயும் ஸ்கூல்ல இருக்கானாம். வாயாலேயே மேளம் அடிக்கிறான் அவன். பஸ் ஸ்டாப்புல நானே பார்த்தேன். அவன் அடிக்க, இன்னொருத்தன் எந்த மண்ணுல என்ன விளையும்னு ஒரே மூச்சுல கொட்டறான். உண்மையைச் சொல்லணும்ல, ஒண்ணுகூடத் தப்பு இல்ல.

எங்க வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டறவர். அவர்கிட்ட சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு"ன்னார். அவருக்கு எதுதான் நல்லா இல்ல? நேத்து வெச்ச குழம்பும் நல்லாத்தான் இருக்கும், உப்பு போடாத குழம்பும் நல்லாத்தான் இருக்கும். அவர்கிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க.

நான் படிச்சதெல்லாம் ஆறாவது வரைக்கும்தான். எங்க டீச்சருங்க நல்ல டீச்சருங்க. பேசினா வெளிய நிறுத்துவாங்க. "வாயாடி, வெளிய போ"ம்பாங்க. நான் வகுப்புக்குள்ள இருந்ததைவிட வராண்டாவுல நின்னதுதான் அதிகம். ஒரு நாள் அப்படி வெளிய நின்னவ, அப்படியே வீட்டுக்கு நடந்து போயிட்டேன். யாரும் கூப்பிடல. இப்போ என்னடான்னா பேசறதுக்கு மார்க்கு போடறாங்க. நம்ம காலத்துல இப்படி ஒருத்தி வந்திருந்தா... விடுங்க. என்ன சொல்லிட்டிருந்தேன்?

ஆங், பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. ரஞ்சிதம் அப்படித்தான் சொல்றா. எனக்கென்னங்க பொறாமை? ஆனா நீங்களே சொல்லுங்க. வீட்டுல டீ போட்டா, "எனக்குச் சக்கரை வேணாம்." ஏன்? "மிஸ் சக்கரை போட்டுக்க மாட்டாங்க." அந்த மிஸ்ஸுக்குச் சக்கரை வியாதியோ என்னமோ, என் பொண்ணு எதுக்குக் கசப்பு டீ குடிக்கணும்? நான் அரிசி களையும்போது, "அந்தத் தண்ணியைக் கீழ ஊத்தாதம்மா, செடிக்கு ஊத்துன்னு மிஸ் சொன்னாங்க." இதையே நான் எத்தனை வருஷமாச் சொல்றேன். நான் சொன்னா "ம்". மிஸ் சொன்னா வேதம்.

ஒரு நாள் காலையில எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தேன். அவ வந்து நின்னா. முடி இல்ல. கழுத்தோட சரி. மிஸ் மாதிரியே. என் துணி வெட்டற கத்திரிக்கோலை எடுத்து, ஷைனியை விட்டு வெட்டிக்கிட்டிருக்கா. துணி வெட்டற கத்திரிக்கோல்ல முடி வெட்டினா முனை போயிடும்னு சின்னப் பிள்ளையிலேருந்து சொல்லியிருக்கேன். நான் கத்தலீங்க. சத்தியமா கத்தல. எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டு போய் அலமாரியில வெச்சேன். "பின்ற நேரம் மிச்சம்மா, உனக்கு வேலை இருக்கில்ல"ன்னு சொல்லிட்டுப் பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

வேலை இருக்காம் எனக்கு.

அன்னிக்கு ஆறு புடவைக்கு ஃபால்ஸைத் தலைகீழா வெச்சு அடிச்சு, உட்கார்ந்து பிரிச்சேன்.

நீங்க என்னமோ சொல்ல வரீங்க. இருங்க, முக்கியமான இடமே இனிமேதான் வருது.

நீர்வளம்னு ஒரு பாடமாம். அந்த மிஸ் என்ன சொல்லியிருக்கா? "புத்தகத்துல இருக்கறது இருக்கட்டும், உங்க தெருவுல தண்ணி எப்படி வருதுன்னு பாட்டு கட்டிட்டு வாங்க"ன்னு. என் பொண்ணு குளிக்கப் போறேன்னு போனா. தண்ணி ஊத்தற சத்தமே வரல. பக்கெட்டைக் கவுத்துப் போட்டுத் தட்டற சத்தம்தான் வந்துச்சு. நான் கதவுகிட்ட நின்னேன். ஒட்டுக் கேக்கல, துணி காயப் போடப் போனேன்.

"நாலு குடம் அடுக்கிடுவா, நடுத்தெருவுல நின்னுடுவா,
நாக்கை எடுத்து விட்டான்னா நாலு தெருவும் அடங்கிடும்."

யாரைன்னு நினைக்கிறீங்க? என்னைத்தான். குழாயடியில நான் சண்டை போடறதை என் பொண்ணு பாட்டாக் கட்டி அந்த ஷூக்காரிகிட்ட கொண்டு போறா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நான் யாருக்காகச் சண்டை போடறேன்? குழாய்ல தண்ணி வர்றதே கொஞ்ச நேரம். வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டு போறார், எங்க வீட்டுக்கு நான்தான் வரிசையில நிக்கணும். எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. ஆள் நிக்க முடியலன்னா குடத்தை வெச்சுட்டுப் போகலாம். குடம் இல்லன்னா செங்கல்லு. அந்தச் செங்கல்லுக்கும் முறை உண்டு. அதைத் தள்ளி வெச்சுட்டு எவளாவது முன்னால வந்தா, அது என் செங்கல்லா இல்லாட்டியும் நான் விட மாட்டேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. அதுக்குப் பேரு சண்டையா?

சரி, இன்னிக்கு முடிச்சிடறதுன்னு சனிக்கிழமை ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். சனிக்கிழமையில ஸ்பெஷல் கிளாஸ்னு வெச்சு, அன்னிக்குத்தான் இந்தக் கூத்து ஜாஸ்தியாம். நல்ல புடவையாக் கட்டிக்கிட்டேன். அவ எதிர்ல குறைச்சலாப் போய் நிக்கக் கூடாதில்ல.

கேட்டைத் தாண்டினா, கிரவுண்டுல பசங்க வட்டமா நிக்கிறாங்க. நடுவுல ரெண்டு பேரு. ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சிக்கு நேரா கையை ஆட்டி ஆட்டி, "உன் மூஞ்சி என்ன மூஞ்சி, ஊறப் போட்ட பஞ்சு"ன்னு கத்தறான். சுத்தி நிக்கிற பிள்ளைங்க பிரிச்சு விடாம கை தட்டுதுங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. உள்ள புகுந்து ஒருத்தன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டேன். "விடுடா அவனை. ஸ்கூல்ல வந்து அடிச்சுக்கறீங்களா, பொறுக்கிப் பசங்களா"ன்னேன்.

வட்டம் விலகி வழி விட்டுச்சு. அப்போ அந்த ஷூ வந்துச்சு. "அக்கா, சண்டை இல்லக்கா, பாட்டு. அவங்க ரெண்டு பேரும் ஃபிரெண்ட்ஸ்." நான் அவளுக்கு அக்காவாம். என் பொண்ணு வட்டத்துல ஒரு ஓரத்துல நிக்கிறா, பூமியைப் பார்த்துக்கிட்டு. "மிஸ், இது எங்கம்மா"ன்னா. அவ்வளவு சன்னமா. என்னைச் சொல்றதுக்கு அவளுக்கு வெக்கம்.

"ஜோவிட்டாம்மாவா? வாங்கக்கா, உக்காருங்க"ன்னா அந்த மிஸ். "உக்கார வரல"ன்னேன். "அப்போ சரி, பேசணும்னா இங்கயே பேசுங்க. எங்க வட்டத்துல ஒரே ஒரு சட்டம்தான். நடுவுல நிக்கிறவங்க முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. பதில் சொல்லணும்னா அவங்கவங்க முறை வரும்"ன்னா. எனக்கே வரிசையைப் பத்தி வகுப்பெடுக்கிறா. எத்தனை வருஷமாக் குழாயடியைக் கட்டி மேய்க்கிறவகிட்ட.

முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டேன். வந்த கோவத்துல என்ன வந்துச்சோ அதைத்தான் சொன்னேன்.

"ஊரான் வீட்டுக் குடத்துமேல உன் பேரை எழுதுவியா?
ஊத்தி வெச்ச தண்ணியில நீ மூஞ்சி கழுவுவியா?
பத்து மாசம் சொமந்தவ நான், பாலைக் குடுத்தவ நான்,
பத்து மணி மிஸ்ஸு நீ, பாதியில வந்தவ நீ.
சடை பின்ன நான் இருந்தேன், சக்கரையும் நான் போட்டேன்,
கடையில வாங்கின ஷூவைப் போட்டு கவுத்துட்டியே என் வீட்டை."

நான் பாடலீங்க. திட்டினேன். திட்டிக்கிட்டே இருக்கும்போது அந்த ராபின் பய வாயால டும் டக் டும் டக்னு ஆரம்பிச்சுட்டான். நிறுத்துடான்னு சொல்ல வாய் வருது, ஆனா நான் சொல்ல வந்ததை முடிக்கணுமே. அவன் அடிக்க அடிக்க என் வார்த்தை போய் அதுலயே விழுது. பிள்ளைங்க எல்லாம் கை தட்டுது. "பாதியில வந்தவ நீ"ன்னப்போ "ஓஓஓ"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சுங்க பாருங்க, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு.

அவ என்ன பண்ணியிருக்கணும்? அழுதிருக்கணும். இல்ல, திருப்பித் திட்டியிருக்கணும். குழாயடி ஞாயம் அதுதான். ரஞ்சிதமா இருந்தா என் வம்சத்தையே இழுத்திருப்பா. இவ சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் தூக்கி, "எனக்குப் பதில் வரல. நான் தோத்துட்டேன்"ங்கறா, பசங்க எதிர்ல. சிரிக்கிறவளை என்ன பண்றது சொல்லுங்க. ஜெயிச்சது நான், நல்லா இருக்கறது அவ.

அப்புறம் கேட்டா, "அக்காவுக்குப் பதில் சொல்ல யாராவது இருக்கீங்களா?" யாரும் வரல. பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் முன்னால தள்ளி விட்டுச்சுங்க. என் பொண்ணு வந்தா.

வந்து எனக்கு எதிர்ல நின்னா. வெட்டின முடி காத்துல மூஞ்சி மேல விழுது. நான் ஒதுக்கி விடப் போனேன். "அம்மா, இப்போ என் முறை"ன்னா.

அவ சொன்னதை அப்படியே சொல்றேன். எனக்கு மறக்காது. மறக்கணும்னுதான் பார்க்கிறேன்.

"முதக் குடம் ரஞ்சிதம், ரெண்டாங் குடம் எங்கம்மா,
மூணாவது செங்கல்லு, அதுக்கும் இடம் உண்டும்மா.
யாரு முறையும் தப்பாது, எங்கம்மா நின்னா நியாயம்,
யாரும் குறுக்க பூந்துட்டாக்க அவங்க பாடு காயம்.
தெருவுக்கெல்லாம் முறை வெச்சே, வீட்டுல அது என்னாச்சு?
வாசப்படி தாண்டி வந்தா உன் முறையே முழுசாச்சு.
பதினஞ்சு வருஷமா நான் குடத்தை வெச்சு நிக்கிறேன்,
என் முறை எப்ப வரும்மா, வெறுங் குடமா நிக்கிறேன்."

நடுவுலயே எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷமாடி? நீ பேச ஆரம்பிச்சதே ரெண்டு வயசுலதானேடின்னு. வாயைத் தெறந்தேன். அந்த ராபின், மேளத்தை நிறுத்தாமலேயே, விரலைத் தூக்கி என்னைப் பார்த்து இப்படி ஆட்டறான். சுவரேறிக் குதிக்கிற பய எனக்கு ஒழுங்கு சொல்றான். சட்டம்னா சட்டமாம். என்னைப் பேசவே விடலீங்க. என் கையும் அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டிருந்துச்சு. சுத்தி எல்லாரும் தட்டும்போது நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா நல்லா இருக்காதில்ல, அதான்.

அவ குரல் அவ்ளோ சத்தமா வரும்னு எனக்குத் தெரியாது. ஒன்பதாவதுல "ம்" சொன்ன பொண்ணு. பெத்தவ எனக்குத் தெரியாது. அந்த மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுகூடப் பரவாயில்லைங்க. திட்டினா, திட்டட்டும். என் பொண்ணு, என்னைத்தானே திட்டினா. ஆனா முடிச்சதும், அந்தக் கடைசி வரி முடிஞ்சதும், அவ யாரைப் பார்த்தா தெரியுமா? எதிர்ல நான் நிக்கிறேன். கை நீட்டினா தொடலாம். என்னைப் பார்க்கல. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தா. நல்லா இருக்கா மிஸ்னு. அந்தப் பார்வையைத்தான் சொல்றேன். மூணாவதுல படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்து என்னை அப்படிப் பார்ப்பா. அப்போ எனக்கு அடுப்புல ஏதாவது இருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் யாரோடயும் பேசல. வீட்டுக்காரர் "உடம்பு சரியில்லையா"ன்னு ரெண்டு தடவை கேட்டார். நான் பேசாம இருந்தா அவருக்கு அதுதான் தோணும்.

நேத்து ஞாயித்துக்கிழமை. காலையில குழாய்க்குப் போனேன். ரஞ்சிதம் குடம் முன்னால, அடுத்து என் குடம். பின்னால டங்குனு ஒரு சத்தம். திரும்பினா, இவ. சின்னக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து என் குடத்துக்குப் பின்னால வெச்சுட்டு நிக்கிறா. குழாயடிப் பக்கமே வராதவ. ஃபிரெண்ட்ஸ் பார்ப்பாங்கம்மான்னு சொல்றவ.

"அம்மா"ன்னா.

செருப்பு போடாம ஏன் வந்தே, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வரக் கூடாதா, பனி இறங்குதுன்னு சொல்ல வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முந்தானையை எடுத்து வாயில வெச்சுக்கிட்டேன். ரஞ்சிதம், பல்லு வலியான்னு கேட்டா.

அவ பேசினா. தண்ணி வந்துச்சு, ரஞ்சிதம் பிடிச்சா, என் முறை வந்துச்சு. இவ பேசிக்கிட்டே இருக்கா. குடத்தைத் தூக்கி வெச்சா பேச்சு நின்னுடுமோன்னு நான் அசையல. பின்னால நின்ன ஒருத்தி, "என்ன பிலோமிக்கா, பிடிக்கலையா"ன்னு கேட்டுட்டு அவ குடத்தை எடுத்து முன்னால வெச்சா. வெச்சுக்கோன்னு விட்டுட்டேன். எங்க தெருவுல யாரும் நம்ப மாட்டாங்க. நான் என் முறையை விட்டேன்.

என்ன பேசினான்னு கேளுங்களேன். முழுக்க முழுக்க அந்த மிஸ்ஸைப் பத்தி. மிஸ் எந்த ஊரு, மிஸ் காலேஜ்ல எந்த மேடையில பாடினாங்க, மிஸ்ஸுக்கு எந்த மாதிரி ஷூ பிடிக்கும், மிஸ் ராபினை எப்படி வழிக்குக் கொண்டு வந்தாங்க. மிஸ், மிஸ், மிஸ். கேட்டுக்கிட்டே நின்னேன். கடைசியில சொல்றா, "அம்மா, மிஸ் சொன்னாங்க, உங்கம்மாவுக்கு இருக்கற தாளம் எனக்கு வராதுன்னு. உனக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்போதான் தெரியுதுன்னு என்கிட்டச் சொன்னாங்க."

அதையும் அவதான் சொல்லணுமா? என் பொண்ணுக்கு என்கிட்டேருந்து ஒண்ணு வந்திருக்குன்னு, அந்த ஷூக்காரி எடுத்துச் சொல்லித்தான் என் பொண்ணுக்குத் தெரியணுமா?

அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்காளாம். போவேனான்னு பார்க்கறீங்களா? போவேன். அவளைக் கண்காணிக்கணுமில்ல. ரெண்டு வரி தயாரா இருக்கு. நான் ஒண்ணும் உட்கார்ந்து யோசிக்கல, மிஷினை மிதிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு அதுவா வருது. இந்தத் தடவை சிரிக்கட்டும் பார்க்கலாம். முடிச்சுட்டு நான் நேரா என் பொண்ணைப் பார்ப்பேன். அவ யாரைப் பார்க்கிறான்னு பார்க்கணும்.

அடடா, மின்ட் வந்துடுச்சு. என் ஸ்டாப்பு. மூட்டையைக் கொஞ்சம் தூக்கி விடறீங்களா.

நீங்க ஏறினதுலேருந்து என்னமோ சொல்ல வரீங்க, நான் விடவே இல்ல. நீங்க டீச்சரு, கேள்வி கேட்டது நான்.

சரி, இறங்கறவங்க இறங்கட்டும். நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடந்துக்கறேன். கனமில்ல, புடவைதான்.

சொல்லுங்க. அந்த மிஸ்ஸைப் பத்தி நல்லதா மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க.